குட்டி டிரெய்லரை மாட்டுவது: யூனிட் மாறினால் என்னவெல்லாம் மாறும்?

கேள்வி, 8 பிப்ரவரி 2025

"அண்ணா, போன மாதம்தான் சி ப்ளஸ் ஈ, அதான் டிரெய்லர் இழுக்கும் லாரிக்கான உரிமம், தேறினேன். ஏஜென்சிக்காரர்கள் லண்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட் டிப்போவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒற்றை ஆக்ஸில், இரட்டை ஆக்ஸில் குட்டி டிரெய்லர்கள்தான் நிறைய. 13.6 மீட்டர் நீள டிரெய்லரை மாட்டிப் பழகியவனுக்கு இது ஒரு வேலையா? பின்னால் போனால் கிளிக், முடிந்தது. இதற்குப் போய் அரை நாள் பயிற்சி என்று உட்கார வைக்கிறார்கள். தேவையா?"

8 பிப்ரவரி, இரவு

தேவை. ஓட்டுவதற்குக் குட்டி சுலபம், அதில் சண்டை இல்லை. மாட்டுவதற்கு அது 13.6-ஐ விடத் தொல்லை பிடித்தது, அதிலும் ஷிஃப்டுக்கு ஒரு யூனிட்டை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) கையில் கொடுக்கும் ஏஜென்சி வேலையில்.

நீங்கள் தேறிய தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். சி ப்ளஸ் ஈ தேர்வுக்கு வரும் வண்டி யூனிட்டும் டிரெய்லரும் சேர்ந்து குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். 2021 நவம்பரிலிருந்து மாட்டிக் கழற்றும் பகுதியை 3ஏ என்று சாலைத் தேர்விலிருந்து பிரித்துவிட்டார்கள், பயிற்சி நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்ற ஆளே அதை நடத்தலாம். ஆக நீங்கள் கற்றது ஒரே யூனிட், ஒரே டிரெய்லர், காலியான யார்டு, கேபினுக்குப் பின்னால் ஆள் தாராளமாக நிற்கும் இடைவெளி. கை ஒரு வரிசையைப் பழகிக்கொண்டது. அந்த வரிசை அந்த இடைவெளிக்கானது. நாளை இடைவெளி இல்லாத ஜோடியைக் கொடுத்தால் வரிசையே மாறும், அந்த மாற்றத்தில்தான் ஆள் உயிர் போகிறது. விவரமாக நாளை எழுதுகிறேன், காலையில் நாலு மணிக்கு எழ வேண்டும்.

9 பிப்ரவரி

வழக்கமான வரிசை எல்லோருக்கும் தெரியும். டிரெய்லரின் நிறுத்தப் பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம், பின்னால் போகிறோம், டிரெய்லருக்கு அடியில் நீட்டியிருக்கும் முளையான கிங்பின் யூனிட்டின் முதுகில் இருக்கும் ஃபிஃப்த் வீல் தட்டில் பூட்டுகிறது, கீழ் கியரில் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறோம். ஹேண்ட்பிரேக், எஞ்சின் அணைப்பு, சாவி பாக்கெட்டில். இறங்கி, ஃபிஃப்த் வீலின் தாடை பூட்டியதை டார்ச் அடித்துப் பார்த்து, பூட்டின் கைப்பிடி நகராமல் தடுக்கும் டாக் கிளிப்பை மாட்டி, மேலே ஏறி சூசிகளை (யூனிட்டிலிருந்து டிரெய்லருக்குப் போகும் சுருள் காற்று, மின் லைன்கள்) மாட்டி, டிரெய்லர் தனியாக நிற்கும் கால்களைச் சுழற்றி ஏற்றுகிறோம்.

முகப்பில் ஃப்ரிட்ஜ் இயந்திரம் தொங்கும் குட்டி டிரெய்லரை, ஃபிஃப்த் வீல் முன்னால் தள்ளி வைத்திருக்கும் 4x2 யூனிட்டில் (இரண்டு ஆக்ஸில் உள்ளது) மாட்டினால், பூட்டிய பிறகு நடுவில் ஆள் போக முடியாது. போக முடியாது என்றால் போகக் கூடாது, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நுழைகிற வேலையெல்லாம் வேண்டாம். அப்போது செய்வதுதான் ஸ்பிளிட் கப்ளிங்: பாதி தூரம் மட்டும் பின்னால் போய், கிங்பின் பூட்டும் முன்பே நிறுத்தி, இறங்கிப் போய் சூசிகளை மாட்டிவிட்டு, மீண்டும் ஏறி மீதித் தூரத்தை முடிப்பது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். சூசிகளில் சிவப்புக் காற்று லைன் கழன்றிருக்கும்போது டிரெய்லரின் டேங்கில் இருக்கும் காற்றே பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அது அவசரப் பிரேக். சிவப்பை மாட்டிய நொடியில் யூனிட்டிலிருந்து காற்று போய் அது விட்டுவிடும். அதன்பின் டிரெய்லரைப் பிடித்து நிறுத்துவது அதன் பக்கவாட்டில் இருக்கும் சிவப்புக் குமிழ், அதாவது நிறுத்தப் பிரேக், மட்டும்தான். அதை யாரோ உள்ளே தள்ளி, அதாவது பிரேக்கை விடுவித்து, வைத்திருந்தால்? கிங்பின் இன்னும் பூட்டவில்லை, டிரெய்லர் சுதந்திரமாக நிற்கிறது, நீங்கள் இரண்டுக்கும் நடுவில். யார்டு சமதளமாகத் தெரியும், ஆனால் மழைநீர் ஓட எல்லா யார்டுக்கும் சரிவு வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

யூனிட்டின் ஹேண்ட்பிரேக்கும் அப்படித்தான். அதைப் போட மறந்து இறங்கினாலும், கிங்பின் பூட்டியிருந்தால் டிரெய்லரின் அவசரப் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவைக்கும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். சிவப்பை மாட்டியதும் மொத்தமும் உருளும். பாதியில் நிறுத்திய ஸ்பிளிட்டில் அந்தத் தயவும் கிடையாது. பிரிட்டனில் இப்படி இறந்தவர்களில் பலர் ஓடும் வண்டியில் ஏறி நிறுத்தப் போனவர்கள். வண்டி நகர ஆரம்பித்தால் விலகி நில்லுங்கள். சுவரில் இடித்தால் இடிக்கட்டும்.

9 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

குமிழ் நிறம் பற்றி. நிறுத்தப் பிரேக் சிவப்பு. பக்கத்தில் இருக்கும் ஷண்ட் குமிழ் சில டிரெய்லரில் நீலம், சிலதில் கறுப்பு. ஷண்ட் என்பது காற்று லைன் இல்லாமலே அவசரப் பிரேக்கை விடுவிப்பதற்கு. இரண்டும் அருகருகே, அழுக்கு மூடி, இரவில் ஒரே மாதிரி தெரியும். துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

11 பிப்ரவரி

"ஹேண்ட்பிரேக் போடாமல் கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கிறதே அண்ணா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடிக்கிறது, எல்லா யூனிட்டிலும் இல்லை. புது யூனிட்டில் நான்கு நாள் ஓட்டி அலாரத்தை நம்பிப் பழகியவர் ஐந்தாம் நாள் பழைய யூனிட்டில் ஏறும்போது அந்த நம்பிக்கையையும் கூடவே ஏற்றிக்கொண்டு வருகிறார். என்னைக் கேட்டால் அலாரம் இல்லாத யூனிட்டை விட அலாரம் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத யூனிட் மோசம்.

14 பிப்ரவரி

இடைவெளிக் கணக்கு. இதை டிப்போவில் யாரும் விளக்குவதில்லை, எனக்கு இதுதான் பிடித்த பகுதி, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

15.5 மீட்டரைத் தாண்டி 16.5 மீட்டர் வரை போகும் ஆர்ட்டிக்குக்கு (யூனிட்டும் டிரெய்லரும் சேர்ந்த வண்டி) இங்கே விதி: கிங்பின்னிலிருந்து டிரெய்லர் முகப்பின் எந்தப் புள்ளியும் 2.04 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. "எந்தப் புள்ளியும்" என்றால் நடைமுறையில் மூலைகள். ஃப்ரிட்ஜ் டிரெய்லர் 2.6 மீட்டர் அகலம், பாதி 1.3. பிதாகோரஸைக் கூப்பிட்டால், மூலை சரியாக 2.04-இல் இருக்கும் டிரெய்லரில் கிங்பின் முகப்பிலிருந்து சுமார் 1.57 மீட்டர் உள்ளே இருக்கும். நேராக நிற்கும்போது கேபினைப் பார்த்து நீட்டுவது அந்த 1.57. வண்டி மடங்கி 40 பாகை அளவுக்கு வரும்போது மூலை கேபினின் முதுகை நேராகக் குத்தப் பார்க்கும், அப்போது நீட்டுவது 2.04. வித்தியாசம் 47 செ.மீ. ஆகவே நேராக நிற்கையில் 60 செ.மீ. இடைவெளி இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தால், திருப்பத்தில் மிஞ்சுவது 13 செ.மீ. அதிலும் சூசி சுருள், ஃப்ரிட்ஜின் புடைப்பு, கேபின் பக்கத் தகடு எல்லாம் பங்கு கேட்கும்.

நீள டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுப்பவர் 40 பாகையை எப்போதாவதுதான் பார்க்கிறார். குட்டி டிரெய்லர் இருப்பதே சந்துக்குள் போகத்தான், கடையின் பின்வாசலில் அது 70, 80 பாகை கூட மடங்கும். முதல் திருப்பத்தை யார்டுக்குள்ளேயே, ஊர்ந்து, கண்ணாடியில் மூலையைப் பார்த்துக்கொண்டே எடுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சூசி எங்காவது மாட்டுகிறதா, இழுபடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

15 பிப்ரவரி

நேற்று எழுதியதை ஒருவர் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்: "அப்படியென்றால் நேராக நிற்கும்போது 47 செ.மீ.க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு." இல்லை, அந்த 47 அந்த ஒரு டிரெய்லருக்கு மட்டும். கிங்பின் முகப்புக்கு நெருக்கமாக, சரியாக 1 மீட்டரில், இருக்கிற டிரெய்லரை எடுங்கள். மூலையின் ஆரம் 1.64 ஆகிறது, அதாவது திருப்பத்தில் 64 செ.மீ. கூடுதலாக நீட்டும். இது நேராக நிற்கும்போது கேபினிலிருந்து தாராளமாகத் தள்ளி நிற்பதுபோல் இருக்கும், ஏமாற்றும். பார்க்க வேண்டியது வேறு இரண்டு அளவுகள்: யூனிட்டில் ஃபிஃப்த் வீலின் நடுவிலிருந்து கேபின் முதுகு வரை எவ்வளவு, டிரெய்லரில் கிங்பின்னிலிருந்து மூலை வரை எவ்வளவு. முதலாவது பெரிதாக இருக்க வேண்டும், கொஞ்சம் மிச்சத்தோடு.

நகரும் ஃபிஃப்த் வீல் இருக்கும் யூனிட் என்றால் முதல் அளவே நிலையில்லாதது. முந்தைய ஷிஃப்டில் யாரோ தன் டிரெய்லருக்காக முன்னால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். காலையில் அதையும் பாருங்கள், எந்தத் துளையில் பூட்டியிருக்கிறது, உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்று.

பின்பக்கமும் உண்டு. யூனிட்டின் வால் டிரெய்லரின் கால்களை நோக்கிச் சுழலும். 4x2-இல் பிரச்சினை தராத கால், நீண்ட சட்டமும் அகல மட்கார்டும் உள்ள, மூன்று ஆக்ஸில் 6x2-இல் உரசலாம். உரசிய தடம் காலில் இருக்கிறதா என்று பாருங்கள், பெயிண்ட் பொய் சொல்லாது.

19 பிப்ரவரி

உயரம். ஃபிஃப்த் வீல் உயரம் யூனிட்டுக்கு யூனிட் மாறும், டயர், சஸ்பென்ஷன், தட்டு எல்லாவற்றையும் பொறுத்து. இதனால் இரண்டு வேலை.

ஒன்று மாட்டும்போது. டிரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலை விடச் சற்றே தாழ்ந்திருந்து, பின்னால் போகும்போது ஏறி உட்கார வேண்டும். டிரெய்லர் உயரமாக நின்றால் கிங்பின் தாடையின் மேல்விளிம்பில் அரைகுறையாக மாட்டும், அல்லது தாண்டிப்போய் கேபினை இடிக்கும். அரைகுறை மாட்டல்தான் மோசம், ஏனென்றால் கிளிக் சத்தம் கேட்கும். கேள்வி கேட்ட தம்பிக்கு: அந்தக் கிளிக்கை நம்பித்தான் டிரெய்லர்கள் ரவுண்டானாவில் விழுகின்றன. இழுத்துப் பார்ப்பதிலும் சில நேரம் அது பிடித்துக்கொள்ளும். டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், கைப்பிடி முழுதும் உள்ளே போயிருக்க வேண்டும்.

இரண்டு, சாலையில். நேற்றைய யூனிட்டை விட இன்றைய யூனிட் 5 செ.மீ. உயரம் என்று வையுங்கள். கிங்பின்னுக்கும் ஆக்ஸிலுக்கும் 6 மீட்டர், முகப்பு அதற்கு முன்னால் 1.57. அப்படியென்றால் கூரையின் முன்விளிம்பு 6 செ.மீ.க்கும் மேல் ஏறுகிறது. 3 மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியில் ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரத்தைக் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். பல கேபின்களில் எண்ணைத் திருப்பி வைக்கும் அந்த உயர அட்டை முந்தைய ஆள் திருப்பி வைத்த எண்ணிலேயே நிற்கிறது. மாட்டி முடித்து, காற்று ஏறி, சஸ்பென்ஷன் ஓட்டும் நிலைக்கு வந்த பிறகு அளவுகோலால் அளந்து அட்டையைத் திருப்புங்கள்.

20 பிப்ரவரி

"குட்டிதானே, பாலத்தில் இடிக்காது" என்று எழுதியவருக்கு: குட்டி என்பது நீளத்தில். பிரிட்டனில் உயரப் பலகை இல்லாத பாலம் குறைந்தது 16 அடி 6 அங்குலம். அதற்குக் குறைந்த ரயில் பாலங்கள் எங்கே இருக்கின்றன? நீள டிரெய்லர் போகாத பழைய நகரத் தெருக்களில், நீங்கள் போகும் இடத்தில்.

26 பிப்ரவரி

பின் ஆக்ஸில் திரும்பும் வகை டிரெய்லர்கள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வகை, இரண்டுக்கும் யூனிட்டோடு வேறு வேறு தகராறு.

தானாகத் திரும்பும் வகையில், ரிவர்ஸ் போகும்போது ஆக்ஸிலைப் பூட்ட வேண்டும், பெரும்பாலும் ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தை வைத்தே அது பூட்டுகிறது. பழைய இரட்டை 7 பின் இணைப்பில் ரிவர்ஸ் விளக்கு வெள்ளை பிளக்கில், அதாவது 24எஸ்-இல் வரும். கறுப்பு 24என்-ஐ மட்டும் மாட்டினால் இண்டிகேட்டர், பின் விளக்கு எல்லாம் எரியும், பார்க்க எல்லாம் சரி. ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் குடித்தவன் மாதிரி போகும். 15 பின் பிளக்கில் இரண்டும் ஒன்றாக வருவதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் யூனிட்டில் 15, டிரெய்லரில் 7+7 என்றால் அடாப்டர் தேட வேண்டும், அது எப்போதும் வேறொரு யூனிட்டின் கேபினில் இருக்கும்.

மற்ற வகையில் கிங்பின்னுக்குப் பின்னால் ஓர் ஆப்பு இருக்கும். அது ஃபிஃப்த் வீலின் வாயில் போய் உட்கார்ந்து, யூனிட் மடங்கும் கோணத்தை உணர்ந்து பின் ஆக்ஸிலைத் திருப்பும். இங்கே இரண்டு விஷயம். எல்லா ஃபிஃப்த் வீலின் வாயும் அந்த ஆப்புக்கு இடம் கொடுப்பதில்லை, குறுக்கே சென்சாரோ சட்டமோ இருந்தால் இடிக்கும். "ஃபிஃப்த் வீல் இருக்கிறது, மாட்டிவிடு" என்று வண்டி ஒதுக்கும் டிராஃபிக் ஆபீசில் சொன்னால் டிரெய்லர் எண்ணையும் யூனிட் எண்ணையும் காட்டி, இந்த ஜோடி ஒத்துவருமா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், ஆப்பு கழற்றியபோது இருந்த கோணத்திலேயே நிற்கும். வளைத்துக் கழற்றிவிட்டுப் போன புண்ணியவான் உங்களை வளைத்தே மாட்ட வைப்பார். நீங்களாவது நேராக நிறுத்திக் கழற்றுங்கள்.

7 பின் ஈபிஎஸ் லைனை (டிரெய்லரின் மின்னணுப் பிரேக்குக்கானது) மறந்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் ஏபிஎஸ்ஸும் கவிழாமல் காக்கும் ஏற்பாடும் போய்விடும். டேஷில் எச்சரிக்கை வரும், அதை "பழைய யூனிட், எப்போதும் எரியும் விளக்கு" என்று விடாதீர்கள். டெயில்லிஃப்ட், அதாவது பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் தட்டு, அதன் சார்ஜ் லைன் வேறு. அதற்கான சாக்கெட்டே இல்லாத யூனிட்டைக் கொடுத்தால் மூன்றாவது கடையில் லிஃப்ட் பாதி உயரத்தில் நின்றுவிடும், மேலே கேஜ் (சக்கரம் வைத்த கம்பிக் கூண்டு) நிறையப் பால்.

2 மார்ச்

யார்டு ஷண்டர்கள், அதாவது டிப்போவுக்குள்ளேயே டிரெய்லர்களை இடம் மாற்றுபவர்கள். டெர்பெர்க் மாதிரியான யார்டு வண்டிகளில் ஃபிஃப்த் வீல் ஹைட்ராலிக்கில் மேலே எழும். அவர்களுக்குக் கால்களைச் சுழற்ற வேண்டிய தேவையே இல்லை, தூக்கி, நகர்த்தி, இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே நீங்கள் போகும்போது டிரெய்லர் எந்த உயரத்தில் நிற்கும் என்பது அவர்கள் கடைசியாக விட்ட நிலையைப் பொறுத்தது. பெரும்பாலும் சிவப்பு லைன் ஒன்றை மட்டும் மாட்டித்தான் நகர்த்துவார்கள். நிறுத்தப் பிரேக்கைத் திரும்பப் போட்டார்களா என்பது அவரவர் மனநிலை. குறை சொல்லவில்லை, ஒரு ஷிஃப்டில் அவர்கள் நகர்த்தும் எண்ணிக்கை அப்படி. ஆனால் "இப்போதுதான் ஷண்டர் வைத்தார், எல்லாம் சரியாக இருக்கும்" என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர் கிங்பின் அளவு கேட்டார். இங்கே சாதாரண டிரெய்லர் எல்லாம் 2 அங்குலம், 50 மி.மீ. என்று சொல்வது. கனரகச் சுமைக்கு 90 மி.மீ. வகை தனி. சிறிய பின்னைப் பெரிய தாடை பிடிக்காது, ஆனால் உள்ளே விட்டுக்கொள்ளும். அந்த ஊரில் இரண்டும் கலந்து ஓடும் யார்டு என்றால் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

9 மார்ச்

கழற்றி நிறுத்தும்போது. குட்டி டிரெய்லரின் கால்கள் கிங்பின்னுக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டரை மீட்டரில் இருக்கும், நீள டிரெய்லரிலும் அப்படித்தான். ஆக முகப்பிலிருந்து கால் வரை 4 மீட்டர். 13.6-இல் அதற்குப் பின்னால் இன்னும் 9.6 மீட்டரும் மூன்று ஆக்ஸிலும் இருந்து அமுக்கிப் பிடிக்கின்றன. 8 மீட்டர் டிரெய்லரில் பாதி உடம்பு காலுக்கு முன்னால். யூனிட் இல்லாமல் சரக்கு ஏற்றும் டாக்கில் நிற்கும்போது ஃபோர்க்லிஃப்ட் முகப்பு வரை உள்ளே போனால் மூக்கு தரையைத் தொடும், பின்பக்கம் எழும். அதனால்தான் முகப்புக்கு அடியில் டிரெசில் என்ற முட்டுத்தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். டிரெசில் வைத்திருக்கிறது என்பதை மறந்து மாட்டப் போகாதீர்கள், அது வேறு கதை.

ஓட்டத்திலும் இதே கணக்கு வேறு வடிவில் வரும். கடைகளில் பின்னாலிருந்துதான் கேஜ்களை இறக்குகிறோம். ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்த சரக்கு போனதும் எதிர் எடை போய்விடுகிறது, கிங்பின் மேல் சுமை குறைவதற்குப் பதிலாக ஏறவும் செய்யும். புறப்படும்போது எடை சரியாக இருந்த வண்டி இரண்டாவது கடைக்குப் பிறகு யூனிட்டின் டிரைவ் ஆக்ஸிலில் (எஞ்சின் சுழற்றும் பின் ஆக்ஸில்) எடை வரம்பைத் தாண்டலாம். 4x2 யூனிட்டுக்கு டிரைவ் ஆக்ஸில் வரம்பு 11.5 டன், ஒற்றை ஆக்ஸில் டிரெய்லரோடு மொத்தம் 26 டன். மொத்தத்தைப் பார்த்து "இடம் இருக்கிறது" என்று சொல்வது ஆபீஸ். ஆக்ஸிலுக்குப் பதில் சொல்வது ஓட்டுநர்.

16 மார்ச்

எலெக்ட்ரிக் யூனிட், தாழ்ந்த கேபின் யூனிட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2024 அக்டோபர் 28 முதல் லண்டனுக்குள் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு நேர்ப்பார்வைத் தரத்தில் (கேபினிலிருந்து ஓட்டுநர் எவ்வளவு நேரடியாகப் பார்க்க முடியும் என்ற மதிப்பீடு) மூன்று நட்சத்திரம் வேண்டும், இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்த வேண்டும். அதனால் டிப்போக்களில் கேபின் வகை கூடிவிட்டது. ஒன்றில் சூசி வலப்பக்கம் தொங்கும், ஒன்றில் நடுவில், ஒன்றில் கேபினுக்குப் பின்னால் ஏறி நிற்கும் கேட்வாக் படியே வேறு இடத்தில். கேபினில் ஏறும் முன் ஒரு சுற்று நடந்து, பின்னால் எங்கே காலை வைக்கலாம் என்று பாருங்கள். வண்டியின் ஈரமான சட்டத்தைப் படியாக நினைத்து மிதிக்காதீர்கள்.

எலெக்ட்ரிக்கில் எனக்குப் பழக நேரம் எடுத்தது சத்தம். டீசலில் எஞ்சின் நின்றது காதிலேயே தெரியும். எலெக்ட்ரிக்கில் அப்படி இல்லை, டேஷ் அணைந்ததைக் கண்ணால் பார்த்து, ஹேண்ட்பிரேக் நெம்பைத் தொட்டுப் பார்த்து இறங்க வேண்டும்.

16 மார்ச், இரவு

ஹேண்ட்பிரேக்கின் சோதனை நிலை பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆம், பல யூனிட்டுகளில் ஹேண்ட்பிரேக் போட்டால் டிரெய்லர் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். நெம்பை அதையும் தாண்டி அழுத்திப் பிடித்தால் டிரெய்லர் பிரேக் மட்டும் விடும், யூனிட் தனியாக மொத்த வண்டியையும் தாங்குகிறதா என்று பார்க்கலாம். மாட்டி முடித்து, டிரெய்லரின் சிவப்புக் குமிழை உள்ளே தள்ளிய பிறகு, கேபினில் உட்கார்ந்து காலைப் பிரேக் பெடலுக்கு மேலேயே வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த யூனிட்டில் நெம்பு எந்தப் பக்கம் அழுந்தும் என்பது மாறும். பயிற்சி நாளில் அவர்களிடமே கேட்டு, அங்கே நிற்கும் ஒவ்வொரு வகை யூனிட்டிலும் ஒரு முறை செய்து பாருங்கள், அரை நாள் தருகிறார்கள் அல்லவா.